துணி மூட்டையும் சட்டசபை நாற்காலியும்

(கேமரன் மலையில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



நாங்கள் தாப்பாவிலிருந்து மலை ஏறி வந்தவர்கள். கீழே பால்மரக் காட்டில் விடியற்காலை நான்கு மணிக்கும் வேர்வை வடியும். இங்கே பட்டப்பகலில் கம்பளிச்சட்டை தேடுகிறோம். உங்கள் கூடையும் எங்கள் பால்வாளியும் வேறு. ஆனால் இரண்டும் போய்ச் சேருகிற இடம் ஒன்றுதான்: தராசு. அந்தத் தராசைப் பற்றிப் பேசாமல் தோட்டத்துப் பேச்சு எதுவும் முடிவதில்லை. இன்றைய பேச்சும் அப்படித்தான்.

உங்கள் கிளைச் செயலாளர் எங்களுக்கு ஒரு விஷயம் கொடுத்தார். "பத்திரிகைக்காரன் ஒருவன் நம் கஷ்டத்தை எழுதுகிறான், பேர் வாங்குகிறான், பிறகு அரசாங்கத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறான். அதனால் நமக்கு என்ன லாபம்? இதைப் பேசுங்கள்" என்றார். கேள்வி காரமானதுதான். எங்களைப் பார்த்தும் கேட்கிற கேள்வி என்று எடுத்துக்கொண்டோம். இதற்குப் பதில் சொல்ல ஒரு மனிதரின் கதையைக் கொண்டு வந்திருக்கிறோம். அவர் இந்த மலைக்கு வந்தவர் அல்லர். ஆனால் இதைப்போலவே பச்சையும் பனியுமாக இருக்கிற இன்னொரு தேயிலை மலையில் வேலை செய்தவர். பெயர் கோதண்டராம நடேசய்யர். தஞ்சாவூர்ச் சீமைக்காரர். 1887இல் பிறந்து 1947இல் இறந்தார்.

அவர் தொடக்கத்தில் தொழிலாளர் ஆள் அல்லர் என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். தஞ்சாவூரில் வியாபாரிகளுக்குச் சங்கம் அமைத்து, வர்த்தகமித்திரன் என்று வியாபாரிகளுக்காகப் பத்திரிகை நடத்தியவர். அவர் 1915இல் கொழும்புக்குப் போனதும் வியாபாரிகள் காரியமாகத்தான். போன இடத்தில் மலைநாட்டுத் தோட்டங்களைப் பற்றிக் காதில் விழுந்தது. நம் ஊர் ஜனங்கள் லட்சக்கணக்கில் அங்கே இருக்கிறார்கள், அவர்களைப் பார்த்து வருவோம் என்று எண்ணினார். முடியவில்லை.

ஏன் முடியவில்லை? தோட்டம் துரையின் சொந்த நிலம். லயமும் சொந்த நிலம். லயத்துக்குப் போகிற பாதையும் சொந்த நிலம். துரையின் உத்தரவில்லாமல் உள்ளே கால் வைத்தால் அத்துமீறல் குற்றம். பெற்ற தகப்பன் வந்தாலும் கங்காணி கேள்வி கேட்பான் என்றால் பத்திரிகைக்காரனுக்கு என்ன மரியாதை கிடைக்கும்? ஆனால் ஒரே ஒரு ஜாதி ஆளைக் காவல்காரன் விட்டுவிடுவான். தலையில் மூட்டையுடன் வருகிற துணி வியாபாரியை. தோட்டத்தில் கடை ஏது? சேலையும் வேட்டியும் மூட்டையில்தான் வர வேண்டும்.

நடேசய்யர் துணி மூட்டையைத் தூக்கிக்கொண்டார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும் என்று தோன்றுகிறது. துணி விற்கிறவனிடம் பெண்கள் பேசுவார்கள். விலை பேசும்போது, "கையில் காசில்லை, சம்பளம் வரட்டும்" என்பார்கள். "சம்பளம் எப்போது வரும்?" என்று கேட்டால் போதும், தோட்டத்துக் கணக்கு முழுவதும் வெளியே வந்துவிடும். எத்தனை நாள் பேர் போட்டார்கள், எத்தனை நாள் அரைப்பேர், கங்காணிக்கு எவ்வளவு கடன், அரிசிக்கு எவ்வளவு பிடித்தார்கள், எல்லாம் வரும். கமிஷன் விசாரணைக்கு வருகிற பெரிய மனிதரிடம், பக்கத்தில் துரையை வைத்துக்கொண்டு, யார் இதைச் சொல்வார்கள்? வியாபாரிகள் பத்திரிகை நடத்தியவருக்குக் கணக்குக் கேட்கத் தெரியும். அந்தப் பழக்கம் அவருக்கு இங்கே உதவியிருக்கும் என்பது எங்கள் எண்ணம்.

அங்கே அவர் கண்ட பெரிய கொடுமை, துண்டு. மலாயாவில் நமக்கு அந்தப் பெயர் பழக்கமில்லை, அதனால் விளக்குகிறோம். தொழிலாளி கங்காணியிடம் கடன்பட்டே ஊரிலிருந்து வருகிறான். வழிச்செலவு கடன், அரிசி கடன், கம்பளி கடன். வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமென்றால் துரை ஒரு காகிதம் எழுதிக் கொடுப்பார். "இத்தனை ரூபாய் கட்டினால் இந்த ஆட்களை விட்டுவிடச் சம்மதம்" என்று அதில் இருக்கும். அதுதான் துண்டு. புதுத் துரை அந்தப் பணத்தைக் கட்டி ஆட்களை எடுத்துக்கொள்வார். பணம் துரையிடமிருந்து துரைக்குப் போகும், நடுவில் கங்காணி கையிலும் ஒட்டும். தொழிலாளி அந்தப் பணத்தைக் கண்ணால்கூடப் பார்ப்பதில்லை. ஆனால் கடன் மட்டும் அவன் தலையில் ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்கு நடந்து போகும். ஒவ்வொரு இடத்திலும் கொஞ்சம் வளரும். மாட்டுச் சந்தையில் சீட்டுக் கொடுப்பதுபோல மனிதனுக்குச் சீட்டு! 1921இல் சட்டம் செய்துதான் துண்டு முறையை நிறுத்தினார்கள். நடேசய்யர் ஒருவரால்தான் நின்றது என்று நாங்கள் சொல்லமாட்டோம். இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் பலர் பேசினார்கள், சென்னை அரசாங்கத்துக்கும் டில்லிக்கும் ஆள் அனுப்பும் விஷயத்தில் மனச்சங்கடம் இருந்தது. ஆனால் உள்ளே போய்ப் பார்த்து வந்து எழுதியவர்கள் எத்தனை பேர்? விரல் விட்டு எண்ணலாம்.

பிறகு 1920ஐ ஒட்டிய காலத்தில் அவர் கொழும்புக்கே வந்துவிட்டார். தேசநேசன் பத்திரிகையில் ஆசிரியராக இருந்தார். 1924இல் தேசபக்தன் என்ற பத்திரிகையைத் தொடங்கினார். அதே 1924இல்தான் கோலாலம்பூரில் தமிழ் நேசன் தொடங்கியது. கடலின் இரண்டு பக்கத்திலும் தோட்டத் தமிழன் கையில் ஒரே வருஷத்தில் பத்திரிகை கிடைத்தது. தமிழ் நேசன் 2019இல் நின்று போனபோது நம்மில் பலர் வீட்டில் ஒருவரை இழந்ததுபோல இருந்தார்கள்.

எழுத்தைப் பற்றிச் சொல்லும்போது அவருடைய மனைவியாரையும் சொல்ல வேண்டும். மீனாட்சி அம்மாள். எழுதப் படிக்கத் தெரியாத ஜனங்களுக்குத் தலையங்கத்தால் என்ன பயன்? அந்த அம்மையார் கூட்ட மேடையில் பாடுவார். அவரே பாட்டுக் கட்டினார், அதை அச்சிட்டும் வைத்தார். கணவர் பேசி விளங்காதது மனைவி பாடி விளங்கியது என்று வைத்துக்கொள்ளலாம். தாய்மார்கள் பின்னால் உட்கார்ந்திருக்கிறீர்கள், கொஞ்சம் முன்னால் வாருங்கள். இடம் இருக்கிறது.

இப்போது நாற்காலிக் கதைக்கு வருகிறோம். 1925இல் நடேசய்யர் இலங்கைச் சட்டசபைக்கு இந்தியர் பிரதிநிதியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஓட்டுப் போட்டவர்கள் யார்? தோட்டத் தொழிலாளர் அல்லர். அப்போது படிப்பும் சொத்தும் வருமானமும் உள்ளவர்களுக்குத்தான் ஓட்டு. வியாபாரிகள் ஓட்டில் சபைக்குப் போய், ஓட்டில்லாத தொழிலாளர்களுக்காகப் பேசினார். இதை நாங்கள் அவருக்குப் பெருமையாகவே எண்ணுகிறோம்.

பத்திரிகையில் இருந்தபோது இல்லாத எது சபையில் அவருக்குக் கிடைத்தது? தோழர்களே, இது கிளைக் காரியதரிசிகள் கவனிக்க வேண்டிய இடம். பத்திரிகையில், "இந்தத் தோட்டத்தில் சம்பளம் என்ன?" என்று எழுதினால் துரை பதில் சொல்ல வேண்டியதில்லை. பேப்பரைக் கசக்கிக் குப்பையில் போடுவார். அதே கேள்வியைச் சபையில் கேட்டால், அரசாங்க உத்தியோகஸ்தர் எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டும். சொன்னது அச்சாகும். அச்சானதை மறுநாள் மறுக்க முடியாது. ஆள் எத்தனை, சம்பளம் எத்தனை, சாவு எத்தனை என்று துரைமார் பூட்டி வைத்த கணக்கு அரசாங்கத்தின் வாயாலேயே வெளியே வரும். துணி மூட்டை சுமந்தவர் செய்ததும் இதுதான், அடைத்த கதவுக்குள் இருக்கிற கணக்கை வெளியே கொண்டு வருவது. இடம் மாறியது, வேலை மாறவில்லை.

1927இல் இலங்கையில் இந்தியத் தொழிலாளர்களுக்குக் குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் வந்தது. 1929இல் அமலுக்கு வந்தபோது மலைநாட்டில் ஆணுக்கு 54 காசு, பெண்ணுக்கு 43, பிள்ளைக்கு 32. பிள்ளைக்குத் தனிச் சம்பளம் என்று சட்டமே எழுதியிருந்தது என்றால், பிள்ளைகள் எங்கே இருந்தார்கள் என்று புரிகிறதல்லவா? பள்ளிக்கூடத்தில் அல்ல. ஆனாலும் சம்பளம் என்பது துரையின் தயவு அல்ல, சட்டத்தில் எழுதிய தொகை என்று ஆனது பெரிய காரியம். ஒரு தொகை எழுதப்பட்டால்தான் அதைக் குறைத்தார்கள் என்று வாதாட முடியும். உலக மந்தம் வந்தபோது குறைக்கவும் செய்தார்கள். அந்த மந்தத்தில்தான், 1931இல், நடேசய்யர் ஹட்டனில் இருந்துகொண்டு அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்தார்.

அதற்கு முன் கொழும்பில் குணசிங்காவின் தொழிற்சங்கத்தில் சேர்ந்து உழைத்தார். சிங்களத் தொழிலாளியும் தமிழ்த் தொழிலாளியும் ஒரே கொடியின் கீழ் நின்ற நல்ல காலம் அது. பிறகு இந்தியனால்தான் வேலை போகிறது என்ற பேச்சு வந்ததும் அது முறிந்தது. நடேசய்யர் மலைநாட்டுக்குப் போய்விட்டார். இந்தப் பேச்சு பழைய பேச்சு என்று எண்ணாதீர்கள். இந்த மலையில் இப்போது கொழுந்து வெட்டுகிறவர்களில் பங்களாதேசிகளும் நேப்பாளிகளும் இந்தோனேசியர்களும் எத்தனை பேர் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். அவர்களைப் பற்றி நம் லயத்துத் திண்ணையில் என்ன பேச்சு நடக்கிறது என்பதும் உங்களுக்குத் தெரியும். நம் தாத்தாவைப் பற்றி அன்று பேசிய அதே பேச்சு.

1931இல் இலங்கையில் வயது வந்த எல்லோருக்கும் ஓட்டு வந்தது. இந்தியர்களுக்கு மட்டும் குடியிருப்பு நிபந்தனைகள் போட்டார்கள். இருந்தாலும் தோட்டத் தொழிலாளர் கையில் முதல்முதலாக ஓட்டு வந்தது. 1936இல் ஹட்டன் தொகுதியில் நடேசய்யர் அரசாங்க சபைக்குப் போனார். இந்தத் தடவை தொழிலாளரின் ஓட்டு! அந்தச் சபையின் அமைப்பே வேறு. ஏழு நிர்வாகக் கமிட்டிகள் உண்டு. உறுப்பினர் ஒவ்வொருவரும் ஏதேனும் ஒரு கமிட்டியில் உட்கார்ந்து இலாகா நிர்வாகத்தைப் பார்க்க வேண்டும். ஆகவே சபையில் உட்கார்ந்தவர் வெறும் பேச்சாளர் அல்லர், அரசாங்கத்தின் ஒரு கை. 1947 வரை அங்கே இருந்தார்.

அவரிடம் குறை இல்லையா? உண்டு. அவருடைய சங்கம் அவரையே சுற்றி நின்றது. அவர் களைத்தால் சங்கமும் களைத்தது. 1939இல் நேரு இலங்கைக்கு வந்தபோது இலங்கை இந்தியன் காங்கிரஸ் உண்டானது. பிறகு அதன் தொழிற்சங்கம் தோட்டங்களைப் பிடித்துக்கொண்டது. நடேசய்யர் ஓரத்துக்குப் போனார். சபையிலோ, மொத்தம் 61 பேர் உட்காரும் இடத்தில் இவருடைய ஓட்டு ஒன்று. 1937இல் கிராமச் சபைத் தேர்தலில் தோட்டத்து இந்தியனுக்கு ஓட்டு இல்லை என்று செய்தார்கள், தடுக்க முடியவில்லை. நாற்காலி கிடைத்தால் எல்லாம் கிடைக்கும் என்று நினைக்கிறவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும். 1947இல் அவர் கண் மூடினார். 1948இல் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் வந்து, அவருக்கு ஓட்டுப் போட்ட அந்த ஜனங்களையே நாடில்லாதவர்கள் ஆக்கியது. 1964இல் சாஸ்திரியும் சிறிமாவோவும் உட்கார்ந்து, 5,25,000 பேர் உங்களுக்கு, 3,00,000 பேர் எங்களுக்கு, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று பிரித்தார்கள். துண்டு எழுதிய அதே கை என்றுதான் எங்களுக்குத் தோன்றியது. நடேசய்யர் அதைப் பார்க்காமல் போனது அவருக்கு நல்லதே.

நம் நாட்டில் இப்படி யார்? தமிழ் நேசனில் வேலை பார்த்த ஆர். எச். நாதன். கிள்ளான் வட்டாரத் தொழிலாளர்களைச் சேர்த்தார். 1941இல் வேலைநிறுத்தம் வந்தது. சீனத் தொழிலாளிக்குச் சமமான சம்பளம் கேட்டார்கள். கள்ளுக்கடையை எடுக்கச் சொன்னார்கள். துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிக்கச் சொன்னார்கள். சைக்கிள் சின்ன விஷயம் என்று சிலர் சொல்வார்கள். சைக்கிளிலிருந்து இறங்கிப் பார்த்தவனுக்குத்தான் தெரியும். மே மாதம் நாதனைப் பிடித்து இந்தியாவுக்கு நாடு கடத்தினார்கள். அவரை விடச் சொல்லித் தொழிலாளர்கள் எழுந்தபோது பட்டாளம் வந்தது. ஐந்து பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். நாதனுக்கு நாற்காலி கிடைக்கவில்லை, கப்பல்தான் கிடைத்தது. நான்கு வருஷத்துக்கு முன், 1937இல், இலங்கையில் பிரேஸ்கர்டில் என்ற வெள்ளைக்காரச் சின்னத்துரை தொழிலாளர் பக்கம் பேசினார் என்று கவர்னர் அவரை நாடு கடத்த உத்தரவு போட்டார். உயர்நீதிமன்றம் அந்த உத்தரவு செல்லாது என்றது. அங்கே சபையில் கேள்வி கேட்க ஆள் இருந்தார்கள், கோர்ட்டு கேட்டது. இங்கே நாதனுக்காகக் கேட்க ஒரு சபை இல்லை. செயலாளரின் கேள்விக்கு இதில் பாதிப் பதில் இருக்கிறது.

மற்றப் பாதி கசப்பானது. சிரம்பானில் ரப்பர்த் தோட்டச் சூழ்நிலையில் வளர்ந்த ராஜரத்தினத்தை எல்லோருக்கும் தெரியும். சிங்கப்பூர்ப் பத்திரிகைகளில் வெள்ளைக்கார ஆட்சியைக் காரமாக எழுதியவர். 1959இல் கலாசார அமைச்சர், 1965 முதல் 1980 வரை வெளிநாட்டமைச்சர். திறமைக்குக் குறைவில்லை. ஆனால் அவர் இருந்த அரசாங்கம்தான் 1974இல் பத்திரிகைகளைக் கட்டுப்படுத்தச் சட்டம் கொண்டு வந்தது. எழுதுகிறவன் ஆளுகிறவனானால், தான் முன்பு கேட்ட கேள்வியை இன்னொருவன் கேட்கும்போது காது எப்படிக் கேட்கும் என்பது அவனவன் மனசாட்சிக்கு விட்ட விஷயம்.

எங்கள் மனசாட்சியையும் சொல்லிவிடுகிறோம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தோட்டத்திலிருந்து பால்வெட்டுத் தொழிலாளி ஒருவர் நம் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். தராசு சரியில்லை, நாளுக்கு நாள் எடை குறைகிறது என்று. தோட்டத்தின் பெயரையும் எழுதியவர் பெயரையும் விட்டுவிட்டு அச்சிட்டோம். ஆனால் அவர் வெட்டுகிற நிரையின் நம்பரும் நிறுவை நடக்கும் இடமும் அப்படியே இருந்தன. நாங்கள் கவனிக்கவில்லை. நிர்வாகம் கவனித்தது. ஒரு வாரத்தில் அவரைப் பால்வெட்டிலிருந்து எடுத்து வெளிக்காட்டு வேலைக்கு அனுப்பினார்கள். அடுத்து, வீட்டைக் காலி செய் என்றார்கள். நாங்கள் போய்ப் பேசினோம், எழுதினோம், வீடு திரும்பவில்லை. மகன் வீட்டுக்குப் போகிற அன்று அவர் சாமான்களை லாரியில் ஏற்றிவிட்டு எங்களிடம், "பரவாயில்லீங்க ஐயா. தராசை மாத்திட்டானுங்க இல்லையா?" என்றார். மாற்றித்தான் இருந்தார்கள். அந்த "பரவாயில்லீங்க" எங்களுக்கு இன்னும் தொண்டையில் நிற்கிறது.

நடேசய்யரின் துணி மூட்டை அதற்குப் பிறகுதான் எங்களுக்கு விளங்கியது. அவர் உள்ளே போய்ப் பார்த்தார், வெளியே வந்து தன் பெயரில் எழுதினார். கோபம் அவர்மேல் விழுந்தது. நாங்கள் வெளியே இருந்துகொண்டு, உள்ளே இருக்கிறவரின் முதுகில் வைத்து எழுதினோம்.

அதனால் இப்போது ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். கடிதம் வந்தால் உடனே அச்சுக்குப் போகாது. ஒரே தோட்டத்திலிருந்து குறைந்தது மூன்று பேர் அதையே சொல்ல வேண்டும். அல்லது எங்களில் ஒருவர் நேரில் வந்து பார்க்க வேண்டும். பார்த்தவர் பெயர்தான் செய்தியில் இருக்கும். கிராணிமார்களுக்கும் ஒரு வார்த்தை. செக்ரோல் உங்கள் கையில் இருக்கிறது. அதைத் திருடிக் கொடுங்கள் என்று நாங்கள் கேட்கமாட்டோம். உங்கள் சோற்றில் மண் போட வரவில்லை. தொழிலாளி தன் சம்பளச் சீட்டைக் கொண்டு வந்து, "இதில் இந்த வரி என்ன?" என்று கேட்டால், நிதானமாக விளக்கிச் சொல்லுங்கள். அது ஒன்று போதும். நடேசய்யர்கூடத் தொழிலாளருக்குச் சட்டத்தை விளக்கிப் புத்தகம் எழுதினார். மேடைப் பேச்சைவிட அந்த வேலை கடினம்.

2025 பிப்ரவரியிலிருந்து குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட் என்று சட்டம் சொல்கிறது. அந்தத் தொகை உங்கள் சீட்டில் எப்படி வருகிறது, எதையெல்லாம் சேர்த்து வருகிறது, எதையெல்லாம் கழித்து வருகிறது என்று பார்க்க வேண்டும். சீட்டுக் கொண்டுவரச் சொல்லியிருந்தோம். கொண்டு வந்தவர்கள் அந்த மேசைக்கு வாருங்கள். தேத்தண்ணீர் குடித்துவிட்டு ஒவ்வொன்றாகப் பார்ப்போம். எங்கள் வண்டி ஐந்து மணிக்குத்தான் இறங்குகிறது.